தண்ணீர் கேட்காத காங்கிரீட்

“…அத்த மட்டும் சொல்லு தம்பி, எனக்கு வேற ஒண்ணும் வேணாம். நான் தண்ணி ஊத்துனதாலதான் இவளுங்களுக்கு வேல போச்சா, இல்ல ஊத்தாம கம்முனு குந்திக்கினு இருந்திருந்தாலும் போயிருக்குமா?”

அக்கா இப்படிக் கேட்டபோது நான் பாலத்தின் மேல் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கொத்தியெடுத்த காங்கிரீட் சில்லுகளை வாரி மூட்டையில் போட்டுக்கொண்டிருந்தேன். அந்தச் சில்லுகளில் தலைமுடி கனத்துக்கு இரும்பு ஊசிகள் நீட்டிக்கொண்டிருக்கும். வெறும் கையால் அள்ளினால் விரல் சல்லடையாகிவிடும். அதனால் கையில் தோல் உறை, கண் முழுக்க வேலையில். தலை நிமிராமல் இருப்பதற்கு எனக்கு அது ரொம்ப வசதியாக இருந்தது.

கொஞ்ச தூரத்தில், ஓடைக்கரைப் புளியமரத்தடியில், அக்காவோடு வேலைக்கு வரும் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். சாக்குகளையும் குடங்களையும் கட்டி வைத்துவிட்டு வண்டிக்குக் காத்திருந்தார்கள். அன்றோடு அவர்களுக்கு அங்கே வேலை முடிந்தது. சில நாளாக அவர்களில் ஒருத்திகூட அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அது எனக்குத் தெரியும். ஏன் பேசவில்லை என்பதும் தெரியும். அக்கா கேட்ட கேள்விக்கு என்ன விடை என்பதும் தெரியும். அந்த இடத்தில் வேறு யாருக்கும் தெரிவதற்கு வெகுநாள் முன்பிருந்தே எனக்குத் தெரியும்.

நான் படித்து இந்த வேலைக்கு வந்தவன் இல்லை. பத்தாவதில் கணக்குப் பரீட்சையோடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவிவிட்டது. விழுப்புரத்தில் ஒரு கான்ட்ராக்டரிடம் கலவை மிஷினுக்கு டீசல் ஊற்றப் போனவன், பக்கத்தில் நின்றவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டே வேலை கற்றுக்கொண்டேன். மனிதர்கள் பேசும்போது வந்து விழுகிற வார்த்தைகள் என்றால் எனக்கு அப்படி ஒரு ஆசை. ஒருமுறை திண்டிவனம் பஸ்ஸில், நிற்க இடமில்லாத கூட்டத்தைப் பார்த்துக் கண்டக்டர், “எல்லாரும் மூச்ச உள்ள இழுத்துக்கினு ஒரு அடி முன்னாடி போங்க. வெளிய உடறத கூட்டேரிப்பட்டுல இறங்கிப் பாத்துக்கலாம்” என்றார். அதை ஒரு வாரம், பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இன்றைக்கு ஒரு பாலக் கம்பெனியில் கலவைக்கு நான்தான் மேஸ்திரி. சைட்டில் என் வாய் ஓயாது என்பார்கள். அப்படிப்பட்டவன் சொல்லவேண்டிய ஒன்றை மட்டும் சொல்லாமல் இருந்தேன்.

அக்காவுக்குக் கண்டாச்சிபுரம் பக்கம் ஒரு கிராமம். காங்கிரீட் போட்ட இடத்துக்குத் தண்ணீர் காட்டுவதுதான் அவருக்கும் அவருடைய ஆட்களுக்கும் வேலை. வீடு கட்டிய யாருக்கும் இது தெரிந்திருக்கும். தளம் போட்ட மறுநாள் அதன் மேல் சின்னச் சின்ன வரப்பு வைத்து, பாத்தி பிடித்து, தண்ணீரை நிறுத்த வேண்டும். தூணுக்கும் சுவருக்கும் சாக்கைச் சுற்றி நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். காயவிட்டால் வெடிப்பு விடும். வீட்டுக்கே இது வாரக்கணக்கில் நடக்கும். பாலம் என்றால் மாதக்கணக்கில். அக்கா நாற்றங்காலுக்குத் தண்ணீர் கட்டி வளர்ந்தவர். அவர் பிடித்த பாத்தியிலிருந்து ஒரு சொட்டு வழிந்து நான் பார்த்ததில்லை. சைட்டில் எல்லாருக்கும் அவர் தண்ணிக்காரம்மா.

இந்தப் பாலம், கூட்டேரிப்பட்டிலிருந்து உள்ளே கிராமங்களுக்குப் போகிற ரோட்டில், ஓர் ஓடையின் மேல் இருக்கிறது. பழைய பாலம் குறுகல். கரும்பு லாரி ஏறிவிட்டால் எதிரில் சைக்கிள்கூட வர முடியாது. அதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினோம். இரண்டு கரையிலும் பாலத்தைத் தாங்குகிற சுவர்களை வழக்கமான காங்கிரீட்டில், அங்கேயே வைத்துக் கட்டினோம். அது ஆடி மாதம்.

ஆடிக்கிருத்திகை அன்று சுற்றுவட்டாரமே மயிலம் கோயிலுக்குப் போய்விட்டது. நாங்களும் லீவு. தண்ணீர் லாரிக்காரரும் காவடி எடுக்கப் போய்விட்டார். ஆடிக் காற்றோ சாக்கைப் பிழிந்து உலர்த்துகிற மாதிரி அடித்தது. அன்றைக்கு அக்கா, யாரும் சொல்லாமலே, ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்து, பக்கத்துக் கொல்லையின் மோட்டார் கொட்டகையிலிருந்து குடம் குடமாகச் சுமந்து சுவர் முழுக்க நனைத்திருக்கிறார். மறுநாள் காலையில், எல்லாம் காய்ந்து கிடக்கும் என்று பயந்துகொண்டே வந்து தொட்டுப் பார்த்தேன். சாக்கு ஈரமாக இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சைட்டில் இருந்த எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தினேன்.

“பாருங்கப்பா, காங்கிரீட்டு வாயத் தொறந்து தாகம்னு கேக்காது. யக்கா மாதிரி நாமளே பாத்து ஊத்தணும். எவன் வந்து சொல்லுவான்னு காத்துக்கினு இருக்கக் கூடாது.”

அது வாய்க்கு நன்றாக இருந்தது. அதனால் திரும்பத் திரும்பச் சொன்னேன். “போ தம்பி, பெருசா பேச வந்துட்ட” என்று அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார். ஆனால் அதை அவர் பத்திரமாக வைத்துக்கொண்டார் என்று பிறகுதான் தெரிந்தது.

அதே சூட்டில் இன்னொன்றும் சொன்னேன். “இந்த ரோட்லயே இன்னும் பாலமெல்லாம் வருதுக்கா. எல்லாத்துக்கும் ஒங்க ஆளுங்கதான்.” அதை நம்பி அக்கா ஆள் சேர்த்தார். வளவனூரில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த பெண்ணை, அதை விட்டுவிட்டு வரச் சொல்லிக் கூட்டி வந்தார். “நாளெல்லாம் நின்னுக்கினே இருந்து காலு வீங்கிப் போவுது அவளுக்கு. இங்கன்னா காத்தாட வேல” என்றார் என்னிடம். நானும் தலையாட்டினேன்.

பாலத்தின் மேல்தளத்தை ஓடையில் வைத்து வார்க்கவில்லை. திண்டிவனத்துக்கு வெளியே எங்கள் யார்டில் பெரிய பெரிய பலகைகளாக முன்னாலேயே வார்த்து, நீள லாரியில் கொண்டுவந்து, கிரேன் வைத்து இறக்கினோம். இரண்டு பலகைக்கு நடுவில் ஒரு சாண் இடைவெளி இருக்கும். இரண்டு பக்கத்துக் கம்பிகளும் அந்த இடைவெளிக்குள் நீட்டிக்கொண்டு, கை கோக்க வந்து கோக்காமல் நிற்கிற மாதிரி இருக்கும். அந்தச் சாண் அகலத்தை எதை வைத்து அடைக்கிறோம் என்பதில்தான் பாலத்தின் உயிர். வண்டி ஏறி ஏறி முதலில் விட்டுப்போவது அந்த இடம்தான்.

அதற்குத்தான் இந்தப் புதுக் கலவை. அல்ட்ரா ஹை பெர்ஃபார்மன்ஸ் காங்கிரீட் என்று முழுப்பெயர். எஞ்சினியர்கள் யூ.எச்.பி.சி. என்பார்கள். எங்கள் பெண்கள் ஊசிக் கலவை என்றார்கள். எனக்கு அந்தப் பெயர்தான் பிடித்தது. அதில் ஜல்லி கிடையாது. சிமெண்ட்டும் மாவு மாதிரிச் சில பொடிகளும் சன்ன மணலும் மூட்டையிலேயே கலந்து வரும். தண்ணீர் கொஞ்சமே கொஞ்சம். அதோடு கலவையை இளக்க ஒரு மருந்து, கடைசியில் இரும்பு ஊசிகள். இறுகினால் வழக்கமான காங்கிரீட்டைவிடப் பல மடங்கு பலம். அதுவும் சீக்கிரமே பலம் வந்துவிடும் என்பதால் ரோட்டைச் சீக்கிரம் திறந்துவிடலாம்.

யார்டில் அதைச் செய்து காட்ட ஒருவர் வெளியூரிலிருந்து வந்திருந்தார். நன்றாகப் பேசினார். “ஜல்லி தள்ள ஆள் வேண்டாம். வைப்ரேட்டர் பிடிக்க ஆள் வேண்டாம், அதுவே ஓடிப் போய் மூலையெல்லாம் நிரப்பிக்கும். முக்கியமா, தண்ணி ஊத்துற வேலையே கிடையாது. உள்ள இருக்கிற தண்ணி வெளிய போகாம மூடி வெச்சா போதும். கை விரல் எண்ணிக்கைக்கு ஆள் இருந்தா பாலத்தையே முடிச்சிடலாம்.” எங்கள் மேனேஜர், “அப்படிப் போடுங்க” என்று தொடையைத் தட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாதிச் சிரிப்பில் அக்காவின் பாத்திகள் கண்ணுக்குள் வந்தன.

விழுப்புரத்துக்குத் திரும்புகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். எப்படிச் சொல்வது என்று வார்த்தைகளைக்கூட அடுக்கிப் பார்த்தேன். மறுநாள் காலையில் அக்கா ஒரு தூக்கில் வேகவைத்த வேர்க்கடலை, எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம், கொண்டுவந்திருந்தார். “சூடா இருக்குது, தின்னு. மூஞ்சி என்னா வாடிப்போயி கெடக்குது?” என்று கை நிறைய அள்ளிக் கொடுத்தார். தோலை உரித்துக்கொண்டே நின்றேன். வாயில் மல்லாட்டை இருந்தது, பேச முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் ஏதோ ஒன்று வாயில் இருந்தது.

புரட்டாசியில் பலகைகளெல்லாம் இறங்கிவிட்டன. ரோடு மூடியிருந்தது. ஊர்க்காரர்கள் போய்வர ஓடைக்குள்ளேயே மண் கொட்டி ஒரு தற்காலிகப் பாதை போட்டிருந்தோம். பெரிய மழை பிடித்துவிட்டால் அது போய்விடும். அதற்குள் பாலத்தைத் திறக்க வேண்டும் என்று எல்லாருக்கும் அவசரம்.

ஊசிக் கலவை ஊற்றுகிற அன்றைக்கு அக்காவின் ஆட்களையும் வரச் சொன்னேன். உண்மையில் அவர்களுக்கு அங்கே பெரிதாக வேலை இல்லை. வெயிலுக்காகத் தண்ணீரில் பாதிக்கு ஐஸ் உடைத்துப் போட வேண்டும். மூட்டை பிரிக்க வேண்டும். ஊற்றியதன் மேல் பிளாஸ்டிக் ஷீட் விரிக்க வேண்டும். இரண்டு பேர் செய்கிற வேலையை அத்தனை பேருக்கும் பங்கு பிரித்தேன். அதைப் பெரிய உதவி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அன்றைக்குக் காலையில் சிரிப்புக்குக் குறைச்சல் இல்லை. அந்தக் கலவை மிஷினில் ரொம்ப நேரம் வெறும் பொடியாகவே சுற்றும். தண்ணீர், ஐஸ், மருந்து எல்லாம் போட்டாலும் உலர்ந்த மாவு மாதிரியே இருக்கும். “என்னா தம்பி, பிட்டு மாவா ஆட்டறீங்க?” என்றது ஒரு பெண். “கோவிச்சுக்கினு இருக்குது, பேசாத” என்றேன். பிறகு திடீரென்று, ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவில், பொடி முழுக்கக் குழைந்து தேன் மாதிரி ஆகிவிடும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். பெண்களெல்லாம் “யம்மாடி!” என்று கத்தினார்கள். “மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு இருந்த மருமவ சிரிச்ச மாதிரி இருக்குதே” என்றார் அக்கா.

எஞ்சினியர் சின்ன வயசு. கலவை சரியாக ஓடுகிறதா என்று பார்க்க ஒரு தட்டில் கொஞ்சம் ஊற்றி, வட்டமாகப் பரவுவதை அளந்தார். வளவனூர்க் கடையை விட்டு வந்த பெண், “சாரு ஆப்பம் ஊத்துறாரு, தேங்காப்பாலு எங்க சார்?” என்று கேட்க, அவரே சிரித்துவிட்டார்.

ஒவ்வோர் இடைவெளியாக ஊற்றிக்கொண்டே வந்தோம். ஊற்றிய உடனே எண்ணெய் தடவிய பிளைவுட் பலகையால் மூடிவிட வேண்டும். கடைசி இடைவெளிக்கு வரும்போது பிளைவுட் பற்றவில்லை. திண்டிவனம் யார்டிலிருந்து வந்துகொண்டிருந்தது. அதுவரைக்கும் இருக்கட்டும் என்று அங்கே ஷீட்டை மட்டும் விரித்து, ஓரத்தில் மணல் மூட்டை வைத்தோம். எஞ்சினியர் போன் பேசிக்கொண்டே கரைப்பக்கம் போனார். நான் சாப்பிடக் கிளம்பினேன்.

“தம்பி, இதுக்குத் தண்ணி எப்போ?” என்றார் அக்கா.

பஸ்ஸில் அடுக்கி வைத்த வார்த்தைகளெல்லாம் நாக்கு நுனி வரைக்கும் வந்தன. இதுக்குத் தண்ணியே கிடையாதுக்கா, இனிமே வர்ற பாலத்துக்கும் கிடையாதுக்கா. இவ்வளவுதான் சொல்ல வேண்டும். சுற்றிலும் அவருடைய ஆட்கள் ஐஸ் உடைத்த ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நின்றார்கள்.

“அப்பறம் சொல்றேன்க்கா” என்றேன். “ஷீட்ட மட்டும் தூக்காதீங்க.” வண்டியை உதைத்துக் கிளப்பிக் கூட்டேரிப்பட்டுக்குப் போய்விட்டேன்.

அங்கே ஓட்டலில் கூட்டம். பிளைவுட் வண்டிக்காரரும் அங்கேதான் நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரோடு பேச்சுக் கொடுத்தேன். நேரம் போய்விட்டது. இரண்டு பேரும் சேர்ந்து திரும்பி வந்தபோது, பாலத்தின் அந்தக் கடைசி இடைவெளிப் பக்கம் வெயிலில் என்னவோ பளபளத்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். ஷீட்டை ஓரமாகச் சுருட்டி வைத்திருந்தார்கள். இடைவெளியின் இரண்டு பக்கமும் களிமண்ணால் விரல் உயரத்துக்கு வரப்பு. உள்ளே தண்ணீர், தெளிவாக, ஒரு சொட்டு வழியாமல்.

அக்கா குடத்தோடு நின்றுகொண்டிருந்தார். முகமெல்லாம் வேர்வை. “நல்ல நேரத்துக்கு நான் பாத்தேன். காத்து ஷீட்டத் தூக்கிக்கினு இருந்துது. சரி பண்ணலாம்னு கிட்ட வந்தா, மேல ஆடை கட்டிக்கினு கோடு கோடா வெடிச்சி நிக்குது. நீ வர்ற வரைக்கும் காத்துக்கினு இருந்தா என்னாவறது? நீதான சொல்லுவ, அது வாயத் தொறந்து கேக்காதுன்னு. ஜல்தியா ஊத்திட்டோம்.”

மெச்சிக்கொள்வேன் என்று அவர் காத்திருந்தார். மற்றவர்களும் என் வாயையே பார்த்தார்கள்.

ஊசிக் கலவை அப்போது இறுகவே இல்லை. உள்ளே இன்னும் பாகு மாதிரிதான் இருந்தது. மேலே ஊற்றிய தண்ணீர் அதற்குள் இறங்கிப் பொடியைக் கரைத்து, ஊசிகளை வெளியே தள்ளிவிட்டது. குனிந்து விரலை வைத்தேன். சேறு. விரல் நுனியில் ஊசி குத்தியது.

எஞ்சினியர் ஓடி வந்தார். “யாரு இது? யாரு தண்ணி ஊத்தினது?”

“நான்தான் சார்” என்றார் அக்கா. அப்போதும் அவருக்குப் புரியவில்லை.

“யாரு ஊத்தச் சொன்னாங்க?”

அக்கா என்னைப் பார்த்தார். பார்த்த பார்வையிலேயே என் முகத்திலிருந்து ஏதோ புரிந்துவிட்டது அவருக்கு. “யாரும் சொல்லல சார்” என்றார், குரல் இறங்கி.

எஞ்சினியர் என் பக்கம் திரும்பினார். “ஊத்தக் கூடாதுன்னு நீங்க சொல்லலையாண்ணே?”

“ஷீட்டத் தூக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுத்தான் சார் போனேன்” என்றேன்.

அதில் பொய் ஒன்றும் இல்லை. அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனேன். ஆனால் அந்த வாக்கியத்தை நான் எடுத்து எங்கே வைத்தேன் என்பது எனக்குத் தெரியும். குடத்தோடு நின்றுகொண்டிருந்த அந்த அம்மாளின் தலையில் வைத்தேன். அவர் “ஆமா சார், சொன்னாரு” என்று அதை வாங்கிக்கொண்டார்.

இறுகிய பிறகு சுத்தியலால் தட்டிப் பார்த்தோம். மற்ற இடைவெளிகளெல்லாம் கணீர் என்றன. இது மட்டும் மேலே டொக்கு டொக்கு என்று பொக்கைச் சத்தம் போட்டது; அதற்குக் கீழே நன்றாகத்தான் இருந்தது. மேல்பாகத்தைக் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி ஊற்ற வேண்டும் என்றார் எஞ்சினியர். கெட்டுப்போன பாகம் பொருக்கு மாதிரி வந்துவிட்டது. அதற்கடியில் நல்ல பாகத்தைத் தொட்டதும், கொத்துகிற பிரேக்கர் மிஷின் துள்ளித் துள்ளிக் கையை விட்டு ஓடியது. உளி முனை மழுங்கியது, ஊசியில் பட்டுப் பொறி பறந்தது. அப்பேர்ப்பட்ட சரக்கு. அதன் பலத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் நான் அதைப் பார்க்கவே கூசினேன்.

அதற்குள் ஒரு மழை பெய்து, தற்காலிகப் பாதை சேறாகிவிட்டது. பால் வண்டி ஒன்று மாட்டிக்கொண்டது. டிவிஎஸ்ஸைத் தள்ளிக்கொண்டு போன ஒருவர் மேலே அண்ணாந்து பார்த்து, “ஏம்பா, பல்லு அடைக்கிறவன்கூட அன்னிக்கே வாய மூட உட்டுடுறான். நீங்க எத்தினி நாளு அடைப்பீங்க?” என்று சத்தம் போட்டார். வேறு நாளாக இருந்தால் அந்த வார்த்தைக்காக அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்திருப்பேன்.

மேனேஜர் போனிலேயே சொல்லிவிட்டார், தண்ணீர் ஊற்றுகிற ஆட்கள் இனி வேண்டாம் என்று. வேலை மிச்சமிருந்த கரைச்சுவர்ப் பக்கத்தைச் சுத்தம் செய்துவிட்டுப் போகட்டும் என்றார். எஞ்சினியர் வந்து அதைப் பெண்களிடம் சொன்னார். அவர்கள் அக்காவைத்தான் திரும்பிப் பார்த்தார்கள்.

மறுநாளிலிருந்து வண்டியில் அக்காவுக்குப் பக்கத்து இடம் காலியாகவே வந்தது. சுத்தம் செய்துகொண்டிருக்கும்போது என் காதுபடவே பேச்சு நடக்கும். என் காதுக்கு எதுவும் தப்பாது, அதுதான் பேஜாரு.

“சொல்றதுக்கு முன்ன ஊத்திட்டா நல்ல பேரு வாங்கிக்கலாம்னு பாத்துது.”

“தண்ணிக்காரம்மான்னு சும்மாவா பேரு?”

துணிக்கடையை விட்டு வந்த பெண் நேராகவே கேட்டுவிட்டது. “கால் வீங்குனா வீங்கட்டும்னு நான் பாட்டுக்கு அங்க நின்னுக்கினு இருந்தன். வா வான்னு இட்டாந்த. இப்ப அங்க வேற ஆளு வெச்சிட்டாங்க. நீ ஒரு குடத்தத் தூக்காம இருந்திருந்தா அடுத்த பாலத்துக்கு நாங்க போயிருப்போம்ல?”

அக்கா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார். நான் நாலு எட்டில் நின்றுகொண்டிருந்தேன். அந்தப் பெண் கேட்டதற்கு இல்லை என்று சொல்ல உலகத்தில் ஒருவன் இருந்தான் என்றால் அது நான்தான். மூட்டையை இழுத்துக் கட்டினேன்.

என் மனசு கேட்காமல் எஞ்சினியரிடம் போனேன். “சார், அந்தம்மா மேல தப்பில்ல. தண்ணியே கூடாதுன்னு நான் சொல்லவே இல்ல. மேனேஜர்கிட்ட சொல்லி அடுத்த பாலத்துக்கு…” என்று இழுத்தேன்.

அவர் நல்ல பையன். கோபப்படவில்லை. “அண்ணே, நீங்க சொல்றது சரி. ஆனா அடுத்த பாலம் முழுக்க யார்டுலேயே வார்க்கிறதுண்ணே. கரைச்சுவர்கூட. அங்க நீராவியிலயே பதமாக்கிடுறாங்க. இடுக்கெல்லாம் இதே கலவைதான். தண்ணி ஊத்த ஆளுக்கு அங்க என்ன வேலை இருக்கு? அவங்க ஊத்தியிருந்தாலும் இல்லாட்டியும் அவ்ளோதான். உங்களுக்கே தெரியுமே.”

எனக்கே தெரியுமே. அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை.

அன்று மாலையே அக்காவிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். ஒரு பக்கம் அது அவருக்கு ஆறுதல்தான். உன்னால் ஒன்றும் போகவில்லை என்று சொல்வதுதானே. ஆனால் அதைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டும். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்பார். தெரிந்துகொண்டே மல்லாட்டை தின்றாயா என்று கேட்பார். கேட்க மாட்டார் என்றும் தோன்றியது. அதை நினைத்தால்தான் இன்னும் பயமாக இருந்தது.

வண்டி வந்து கூட்டிப்போகிற கடைசி நாள். மேல்பாகம் மறுபடி ஊற்றி, பிளைவுட் போட்டு மூடி, பாலம் சத்தமில்லாமல் கிடந்தது. நான் சில்லு வாரிக்கொண்டிருந்தேன். பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. பிறகுதான் அந்தக் கேள்வி.

“அத்த மட்டும் சொல்லு” என்று அக்கா மறுபடியும் சொன்னார். குரலில் கோபம் இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்கிற குரல்தான், இதுக்குத் தண்ணி எப்போ என்று கேட்ட அதே குரல்.

நான் கையுறையைக் கழற்றினேன். நிமிர்ந்து பார்த்தேன்.

“ஊத்தாம இருந்திருந்தாலும் போயிருக்கும்க்கா. இந்தக் கலவைக்கு மேல தண்ணியே ஊத்தறதில்ல. இனிமே வர்ற பாலத்துக்கும் அப்படித்தான்.”

அக்கா இன்னும் கிட்டே வந்தார். “ஒனக்கு எப்பத் தெரியும்?”

“திண்டிவனத்துல செஞ்சி காட்டுனாங்கல்ல. அன்னிக்கே தெரியும். பலகைங்க இங்க வர்றதுக்கு முன்னாடியே.”

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். வண்டி ரோட்டு முனையில் திரும்பி ஹாரன் அடித்தது. புளியமரத்தடியில் பெண்கள் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டார்கள்.

அக்கா குனிந்து, கையுறை இல்லாத என் கையை மணிக்கட்டில் பிடித்தார். குடம் தூக்கிக் காய்த்துப்போன பிடி. இழுத்து என்னை எழுந்து நிற்க வைத்தார். பிடியை விடாமல், அவர் முன்னால், நான் பின்னால், அந்தப் பெண்கள் நின்ற இடத்தைப் பார்த்து நடந்தார்.